ஒன்பது வினாடித் தாமதம்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை மாலை, தண்ணீர்த்தொட்டி மைதானத்தில் நடந்த கால்பந்து லீக் ஆட்டத்தை நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். சொந்த அணியான தொட்டி அணி பூஜ்யத்துக்கு நான்கு என்று தோற்றது.

நாற்பத்தொரு பேரில் ஒருவர் லிப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடமாகக் கிழக்குப் பக்கத்தில் பதினான்காம் எண் இருக்கையில் உட்கார்ந்து வருகிறவர். அது அப்படியொன்றும் கொடுத்துவைத்த இருக்கை இல்லை. நேர் முன்னால் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் நிற்கும். அதனால் இடதுபக்க கோல் தெரியாது. அந்தப் பக்கம் நடப்பதையெல்லாம் பன்னிரண்டாம் எண்ணில் உட்காரும் தையல்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் மெக்கானிக் தெரிந்துகொள்வார். தையல்காரர் கண்ணை மூடினால் எதிரணி கோல் போட்டுவிட்டது என்று அர்த்தம். கண்ணை அகல விரித்தால் நாம் போட்டிருக்கிறோம். தையல்காரருக்குக் கண் எரிச்சல் வந்த வருடம் மெக்கானிக் மிகவும் குழம்பிப்போனார்.

ஆனாலும் அது அவருடைய இருக்கை. பத்து வருடத்துக்கு முன் அதன் கால் போல்ட் உடைந்தபோது, கிளப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு, பழைய லிப்டிலிருந்து கழற்றிய போல்ட் ஒன்றைத் தானே கொண்டுவந்து முடுக்கினார். அந்த மைதானத்தில் ஆடாத இருக்கை அது ஒன்றுதான்.

தொட்டி அணியின் ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு எந்த மைதானத்திலும் அதைப் பார்க்க முடியாது. கோல் விழுந்தவுடன் அவர்கள் கத்த மாட்டார்கள். முதலில் லைன்ஸ்மேனைப் பார்ப்பார்கள். அவர் கொடியைத் தூக்கியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். பிறகு நடுவரைப் பார்ப்பார்கள். நடுவர் மையக்கோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியபின், மறுபடி ஒருமுறை கொடியைப் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் சுமார் ஒன்பது வினாடி ஆகும். அதன்பின்தான் துள்ளுவார்கள்.

இதற்கும் காரணம் இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு சீசனில் தொட்டி அணி போட்ட கோல்கள் மொத்தம் ஏழு. ஏழும் ஆப்சைட் என்று லைன்ஸ்மேன் கொடி தூக்கி, செல்லாமல் போனவை. ஏழு தடவையும் இவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஏழாவது தடவை கிளப் செயலாளரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது, தையல்காரரின் தோள் பிசகியது. அன்றைக்கு யாரும் தீர்மானம் போடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு யாரும் கொடி பார்க்காமல் சந்தோஷப்பட்டதும் இல்லை.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து "பொண்ணு பொறந்திருக்கு" என்று சொல்ல, மெக்கானிக் அவளைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனபிறகுதான் சிரித்தார். அந்த ஒன்பது வினாடியை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

மார்ச் மாதம் கோப்பைப் போட்டிக்குக் குலுக்கல் நடந்தது. மூன்றாம் சுற்றில் தண்ணீர்த்தொட்டி அணியும் தலைநகர் அணியும் மோதவேண்டும் என்று சீட்டு விழுந்தது. தலைநகர் அணி தொடர்ந்து ஐந்து வருடமாகச் சாம்பியன். ஆட்டம் தொட்டி மைதானத்தில். அங்கே இருப்பதோ அறுநூறு இருக்கை.

செய்தியைச் சொன்னவர் கிளப் செயலாளர். தொழிலில் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவராதலால், யாராவது பதில் சொன்னால் அவருக்குத் தடுமாற்றமாகிவிடும்.

"டிக்கெட் இந்தத் தடவை நம்ம கையில இல்ல," என்றார். "சம்மேளனம் புதுசா ஒரு வாரியம் வச்சிருக்கு. விசுவாச அளவீட்டு வாரியம். யாருக்கு விசுவாசம் ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் சீட்டு. மார்க் போட்டு, வரிசைப்படி."

கிழக்குப் பக்கம் முழுக்க நிம்மதியாக மூச்சு விட்டது.

"அப்ப நமக்கென்ன கவலை?" என்றார் தையல்காரர். "நம்மளை விட்டா விசுவாசம் யாருக்கு டாக்டர்?"

பல் டாக்டர் தடுமாறினார்.

மெக்கானிக்கும் அன்று வீட்டுக்கு மிதந்துகொண்டுதான் போனார். வீட்டில் மச்சான் சோபாவில் சாய்ந்திருந்தார். மனைவியின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பதினேழு வருடமாகக் கால்பந்து ரசிகர். இதுவரை எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. இப்போது அவருடையது தலைநகர் அணி. அதற்கு முன் துறைமுக அணி. அதற்கும் முன் வேறு இரண்டு. எந்த அணி சாம்பியனோ அந்த அணியின் சட்டை அந்த வாரமே அவர் உடம்பில் ஏறிவிடும்.

"என்ன மாப்ள, எங்க ஆளுங்க உங்க ஊட்டுக்கே வந்து அடிக்கப் போறாங்க போல?"

"வரட்டும் மச்சான். நான் என் சீட்ல உக்காந்து பாக்கத்தானே போறேன்."

"நானும் அப்ளை பண்ணிருக்கேன்."

"நீங்களா? மைதானம் எந்தப் பக்கம்னு தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் போன்ல வழி காட்டும்," என்றார் மச்சான்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ட்டு வாங்களேன். வீடாவது கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும்."

வாரியத்தின் அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மெக்கானிக் லிப்டில் ஏறும்போதே அதன் முனகலைக் கேட்டு, தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டு ஆறு மாதமாவது ஆகியிருக்கும் என்று கணித்தார். கையில் ஒரு பிஸ்கெட் டின் வைத்திருந்தார். அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு டிக்கெட்டின் அடித்துண்டுகள். முப்பத்தொரு வருடத்து விசுவாசம். மழையில் கரைந்துபோன சிலவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கவுண்டரில் இருந்த அம்மாள் டின்னைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, தேதியைக் கணினியில் தட்டிப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தார். பொறுமைசாலி. ஒன்றைக்கூடத் தவறான குவியலில் போடவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"நாப்பத்தொம்பது வெற்றி. எழுபத்தஞ்சு டிரா. இருநூத்தி எம்பத்தெட்டு தோல்வி," என்றார்.

"ஆமாங்க," என்றார் மெக்கானிக் பெருமையாக.

"வெற்றிக்கு ஒரு மார்க். டிராவுக்கு ஒண்ணுமில்ல. தோல்விக்கு ரெண்டு மார்க் கழிவு."

"கழிவா? எதுக்கு?"

அம்மாள் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஏழாம் பிரிவு. தலைப்பு: தோல்விக்கு உடந்தையாக இருத்தல்.

"நான் பாத்துக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்? அடிச்சது அவங்க, தோத்தது இவங்க."

"நீங்க இருந்தப்பதானே தோத்தாங்க? ஒரு தடவை ரெண்டு தடவைன்னா தற்செயல்னு விட்டுரலாம். இருநூத்தி எம்பத்தெட்டு தடவை சார். அதுவும் கையெழுத்துப் போடாத குறையா ஆதாரத்தை நீங்களே டின்ல போட்டு வச்சிருக்கீங்க." அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதையெல்லாம் வெளிய யார்கிட்டயும் காட்டாதீங்க."

மொத்தம் மைனஸ் ஐந்நூற்று இருபத்தேழு.

அடுத்தது துயரப் பிரிவு. மேசைக்குப் பின்னால் ஒரு இளைஞர் கண்ணீர் சிந்தும் முகம் அச்சிட்ட படிவத்தோடு இருந்தார்.

"கடைசித் தோல்விக்கு அழுதீங்களா?"

"இல்லைங்க."

"சட்டையைக் கொளுத்தினீங்களா? டிவியை உடைச்சீங்களா? கோச் வீட்டு வாசல்ல கத்தினீங்களா?"

"கோச் எங்க பக்கத்துத் தெருதாங்க. பால் வாங்கும்போது பாத்தேன். 'பரவால்ல விடுங்க'ன்னேன்."

இளைஞர் பேனாவை வைத்துவிட்டு அவரை இரக்கத்தோடு பார்த்தார். "தோத்தா உங்களுக்கு ஒண்ணுமே ஆகலியா?"

"பழகிருச்சுங்க."

படிவத்தில் 'உணர்ச்சியற்றவர்' என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. அதே மேசையில் முந்தைய நாள் மச்சான் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. துறைமுக அணி சாம்பியன் பட்டத்தைக் கோட்டைவிட்ட அன்று அவர் அதன் சட்டையைக் கொளுத்தி, ரிமோட்டை உடைத்து, மறுநாள் காலை தலைநகர் அணியின் சட்டையை வாங்கியிருந்தார். ஒரே தோல்வியில் துயரத்துக்கும் நம்பிக்கைக்கும் இரண்டு பக்கமும் மதிப்பெண் வாங்கிய முதல் விண்ணப்பதாரர் என்று அவருக்குத் தனிக் குறிப்பே எழுதியிருந்தார்கள்.

கடைசி அறை மகிழ்ச்சிப் பரிசோதனை அறை. நெற்றியில் ஒரு பட்டை, கன்னத்தில் இரண்டு ஒயர், விரலில் ஒரு கிளிப். எதிரே பெரிய திரை. வெள்ளை அங்கி போட்ட பரிசோதகர் விளக்கினார்.

"ஒரு கோல் காட்டுவேன். உங்க மனசுல என்ன தோணுதோ செய்யுங்க. மூணு வினாடிக்குள்ள."

திரையில் ஒரு வீரர் ஓடினார். அடித்தார். பந்து வலையைக் குத்தித் தூக்கியது. மெக்கானிக்கின் கண் பந்தை விட்டு வலது ஓரத்துக்குப் போனது. அங்கே திரை முடிந்துவிட்டிருந்தது. அவர் நாற்காலியோடு சாய்ந்து சட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"கொடிங்க."

"என்ன கொடி?"

"லைன்ஸ்மேன் தூக்கிட்டாரா இல்லியான்னு தெரியலியே."

"சார், இது கோல். போன வருஷம் போட்ட கோல். கோப்பையே வாங்கிட்டாங்க."

"நீங்க சொல்றீங்க," என்றார் மெக்கானிக். பிறகு பரிசோதகர் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி பரிசோதகரைப் பார்த்தார். எதுவும் மாறவில்லை என்று உறுதியானதும் வலது கையை ஒயர் அனுமதித்த அளவுக்கு உயர்த்தி, "ஆ," என்றார்.

கருவி ஒன்பது வினாடி காட்டியது. பரிசோதகர் கருவியைத் தட்டிப் பார்த்தார். கருவி சரியாகத்தான் இருந்தது.

வாரியத்தின் சட்டப்படி மகிழ்ச்சித் தாமதம் குணப்படுத்தக்கூடிய குறை. அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி முகாம் உண்டு. தேறினால் மைனஸ் மதிப்பெண் எல்லாம் தள்ளுபடி. மெக்கானிக் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு முகாம் மண்டபத்துக்குப் போனபோது, அங்கே மீதி நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் முதல் வரிசையில் இருந்தார்.

முகாமைத் தொடங்கிவைக்க வாரியத் தலைவரே வந்தார். கனமான மனிதர். முட்டிவலி. மேடையின் மூன்று படிகளை ஏற இரண்டு பேர் தாங்கினார்கள்.

"நண்பர்களே," என்றார் தலைவர். "விசுவாசம் என்பது என்ன? இந்தக் கேள்வியை நான் என்னையே முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். நான் எட்டு அணிகளுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறேன். எட்டுக்கும் முழு மனதோடு! சிலர் என்னிடம் கேட்கிறார்கள், 'அய்யா, நீங்கள் ஏன் அணி மாறினீர்கள்?' நான் மாறவில்லை நண்பர்களே. நான் வெற்றியின் பக்கம் நின்றேன். நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த அணிகள்தான் ஒவ்வொன்றாகத் தோற்று, என்னை விட்டுப் போய்விட்டன. துரோகம் யாருடையது?"

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"தோற்கும் அணியோடு உட்கார்ந்திருப்பது எளிது. கூட்டமில்லை, நெரிசலில்லை, காலை நீட்டி உட்காரலாம். ஆனால் ஜெயிக்கும் அணியின் ரசிகனாக இருந்து பாருங்கள்! ஒவ்வொரு வருடமும் புதுச் சட்டை. எங்கே திரும்பினாலும் உங்களைப் போலவே லட்சம் பேர். அதில் தனித்துத் தெரிய எவ்வளவு கத்தவேண்டும் தெரியுமா? அந்தத் தியாகத்தை அளக்க இதுவரை ஒரு கருவி இல்லாமல் இருந்தது. நாங்கள் கண்டுபிடித்தோம்."

பின்வரிசையில் தையல்காரர் மெக்கானிக்கின் காதில் கிசுகிசுத்தார். "காலை நீட்டி உக்காரலாம்னு சொன்னார் பாத்தியா? அது வாஸ்தவம்தான்யா."

பயிற்சி எளிமையானது. விசில் ஊதினால் குதிக்கவேண்டும். முதல் விசிலுக்கு நாற்பத்தொரு பேரும் பயிற்சியாளரின் கையைப் பார்த்தார்கள். கையில் கொடி எதுவும் இல்லை என்று அவர் விரித்துக் காட்டினார். இரண்டாம் விசிலுக்கு ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். மூன்றாம் விசிலுக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஊதியபோது, இருட்டில் யாரோ, "டாக்டர், கொடி தூக்கலியே?" என்று கேட்க, பல் டாக்டர், "எனக்கும் கட்டியிருக்காங்கப்பா," என்றார்.

மூன்றாம் நாள் முடிவில் ஒன்பது வினாடி எட்டே முக்காலாகக் குறைந்திருந்தது. பயிற்சியாளரிடம்தான் ஒரு மாற்றம் தெரிந்தது. சாயங்காலம் அவருடைய போன் மணியடித்தது, மருத்துவமனையிலிருந்து நல்ல சேதி. அவர், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தபடி நின்றார்.

நாற்பத்தொரு பேருக்கும் விண்ணப்பம் நிராகரிப்பு என்று கடிதம் வந்தது. அறுநூறு இருக்கையும் தலைநகர் அணியின் ரசிகர்களுக்கு. மச்சானுக்கு வைர விசுவாசி அட்டை. கிழக்குப் பக்கம், எண் பதினான்கு.

அட்டையைக் காட்ட மச்சான் வீட்டுக்கே வந்தார். மெக்கானிக் அதை வாங்கிப் பார்த்தார். எண்ணை இரண்டு முறை பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். எழுந்துபோய்க் கருவிப் பையிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகினார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, அது எதுக்கு?"

"அந்த போல்ட் என்னோடது. கழட்டிட்டு வந்துர்றேன்."

"அண்ணன் அதுல உக்காந்து சரிஞ்சு விழுந்தா?"

"விழட்டும்."

"அவரு எடைக்கு முன்னாடி வரிசை பின்னாடி வரிசை எல்லாத்தையும் சேத்துக்கிட்டு விழுவாருங்க. இடுப்பு ஒடைஞ்சா எங்க வந்து படுப்பாரு? இங்கதான். இந்த சோபாவுலதான். ஆறு மாசம்."

மெக்கானிக் யோசித்தார். அன்று மாலை மைதானத்துக்குப் போய் போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்கிவிட்டு வந்தார். வந்ததும் மச்சானிடம், "முன்னாடி ஒரு தூண் இருக்கும். இடது கோல் தெரியாது. பன்னெண்டாம் நம்பர்காரர் முகத்தைப் பாத்துக்கங்க," என்றார். சொன்னபிறகுதான் பன்னிரண்டாம் நம்பரும் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது என்பது நினைவுக்கு வந்தது.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன் மைதானத்தில் வேலை நடந்தது. மேற்குப் பக்கத்தில் வாரியத் தலைவருக்கு ஒரு மாடம் கட்டினார்கள். அதற்கு ஏற பத்தொன்பது படி. தலைவரின் முட்டியை உத்தேசித்து லிப்ட் வைத்தார்கள். ஒரே ஒரு மாடி ஏறி இறங்கும் லிப்ட். புது லிப்ட் என்றால் திறப்பு நாளன்று ஒரு மெக்கானிக் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பது கம்பெனி விதி. கம்பெனி ஆள் அனுப்பியது.

வாசலில் வாரியத்தின் காவலர் விசுவாச அட்டை கேட்டார். மெக்கானிக் கருவிப் பையைக் காட்டினார். காவலர் ஒரு உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார். 'பணி நிமித்தம் உள்ளே வரும் நான் ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன். தற்செயலாகப் பார்க்க நேர்ந்தால் மகிழமாட்டேன்.' மெக்கானிக் கையெழுத்துப் போட்டார்.

லிப்டின் எந்திர அறை மாடத்தின் உச்சியில் இருந்தது. ஆள் நிமிர்ந்து நிற்கமுடியாத அறை. சூடு போவதற்காகச் சுவரில் ஒரு சாளரம் வைத்திருந்தார்கள். மெக்கானிக் அதன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் முதலில் உட்கார்ந்தார். நடுவர் விசில் ஊதியதும் எந்திரத்தைச் சுற்றி வந்து ஆய்வு செய்யவேண்டியிருந்தது. சுற்றி வந்தால் சாளரம் எதிரே வந்துவிடுகிறது. பார்த்தார். தூண் மறைத்த இடது கோல் இந்தப் பக்கத்திலிருந்து வலக்கைப் பக்கம் தெரிந்தது. வலது கோலும் தெரிந்தது. நடுவில் தூண் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் மைதானத்தை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடதுபக்க கோல்கம்பம் கொஞ்சம் சாய்ந்திருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதிலுக்கு வெளியே தண்ணீர்த்தொட்டியின் இரும்பு ஏணியில், கீழிருந்து மேல்வரை, நாற்பது பேர் தொற்றிக்கொண்டு நின்றார்கள். பல் டாக்டர் உச்சியில்.

எண்பத்தைந்து நிமிடம் யாரும் கோல் போடவில்லை. தலைநகர் அணி அடித்ததெல்லாம் கம்பத்தில், கோல்கீப்பரின் முழங்காலில், ஒருமுறை தொட்டி அணிப் பின்காவலரின் முகத்தில் பட்டது. எண்பத்தாறாம் நிமிடத்தில் தலைவர், தலைநகர் அணிக்குப் பூச்செண்டு கொடுக்கக் கீழே இறங்க, மகிழ்ச்சிப் பரிசோதகரோடு லிப்டில் ஏறினார். செண்டில் 'தலைநகர் அணியின் வெற்றிக்கு வாழ்த்துகள்' என்ற ரிப்பன் முந்தின நாளே கட்டப்பட்டிருந்தது. லிப்ட் பாதி வழியில் நின்றது.

எந்திர அறையில் இருந்த உள்பேசி கரகரத்தது.

"யாருய்யா மேல? நின்னுருச்சு!"

"பயப்படாதீங்க சார். கையால இறக்கிர்றேன். அஞ்சு நிமிஷம்."

மெக்கானிக் மின்சாரத்தை அணைத்தார். ஒரு கையால் பிரேக் நெம்புகோலை அழுத்தி, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். நெம்புகோலை விட்டால் லிப்ட் நின்ற இடத்தில் நின்றுவிடும். சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சுற்றும் ஆள் சாளரத்தைப் பார்த்துத்தான் நிற்கமுடியும். அறையின் அமைப்பு அப்படி.

எண்பத்தெட்டாம் நிமிடத்தில் பந்து இடது கோலுக்குள் போனது. தலைநகர் அணி போட்டது.

அறுநூறு வைர விசுவாசிகள் முக்கால் வினாடியில் எழுந்தார்கள். புகை, சீட்டி, சட்டை கழற்றல். பதினான்காம் எண்ணில் மச்சான் கோலையே பார்க்கவில்லை, தூண் மறைத்திருந்தது. இருந்தும் எல்லோருக்கும் முன்னால் குதித்தார். இருக்கை அசையவில்லை. மைதானத்தில் தலைநகர் அணியின் பத்துப் பேரும் மூலைக் கொடிக்கு ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர்களுடைய கோல்கீப்பரும் மைதானத்தின் நீளத்தையெல்லாம் ஓடிக் கடந்து, அந்தக் குவியலின் உச்சியில் போய் விழுந்தார்.

"கோலா?" என்றது உள்பேசி. "கோல்தானே? சத்தம் கேக்குது! பரிசோதகரே, நேரம் குறிச்சுக்கங்க, எனக்கு அரை வினாடி!"

மெக்கானிக் கொடியைப் பார்த்தார். லைன்ஸ்மேனின் கொடி ஆகாயத்தில் நின்றது.

நடுவர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். அறுநூறு பேர் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கொடியைப் பார்க்கும் பழக்கம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. தேவையே வந்ததில்லை. ஆனால் தொட்டி அணியின் பதினொரு பேரும் வழக்கம்போல் கொடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்காவலர் பந்தைக் கீழே வைத்தார். நடுவரைப் பார்த்தார். நடுவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவருக்குத் தட்டினார். அவர், மையக்கோட்டைத் தாண்டாமல் முன்னால் இருந்தவருக்கு உதைத்தார். முன்னால் இருந்தவர், பகலில் தபால்காரர், பந்தை உருட்டிக்கொண்டு ஓடினார். எதிரே ஒருவரும் இல்லை. வேகமாக ஓடவும் தேவையில்லை. முகவரி சரியாகத் தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல் போய், வலது கோலுக்குள் பந்தை வைத்துவிட்டு, திரும்பி லைன்ஸ்மேனைப் பார்த்தார்.

மெக்கானிக்கும் பார்த்தார். கொடி இறங்கியிருந்தது. நடுவரைப் பார்த்தார். நடுவர் மையக்கோட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். மறுபடி கொடி. இறங்கித்தான் இருந்தது. லிப்ட் நின்றுபோயிருந்தது.

"என்னய்யா, மறுபடி நிறுத்திட்டே?"

"ஒரு நிமிஷம் சார். கொடி பாக்குறேன்."

பிறகு தண்ணீர்த்தொட்டி ஏணி முழுதும் ஒரே சமயத்தில் அதிர்ந்தது. மெக்கானிக் துள்ளினார். கூரை தாழ்வு. தலை இடித்தது. மறுபடி துள்ளினார்.

கிழக்குப் பக்கத்தில் இன்னும் பழைய கோலைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்த விசிலுக்கும் கட்டிப்பிடித்தார்கள். பலகையில் எண் மாறியிருப்பதை முதலில் கண்டவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். அவர் அடுத்தவரைத் தட்டினார். செய்தி வரிசை வரிசையாக நகர, வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். தலைவர் கீழே வந்து சேர்ந்தபோது பூச்செண்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. ரிப்பனில் பெயர் இருந்த அணி பேருந்தில் ஏறிவிட்டிருந்தது.

வாரியம் மூன்று நாளில் கூடியது. தலைவர் ஒன்பதாவது அணிக்குத் தம் விசுவாசத்தை அறிவித்தார். "தொட்டி அணி என் ரத்தத்தில் ஓடுகிறது," என்றார். "அவர்கள் வெற்றி பெற்ற கணத்தில் நான் மைதானத்துக்குள்ளேயே, தரைக்கும் மாடிக்கும் நடுவில், தவித்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தவிப்புக்கு மதிப்பெண் உண்டா என்று சட்டக் குழுவிடம் கேட்டிருக்கிறேன்."

ஒரு வாரத்தில் பதினோராயிரம் பேர் தொட்டி அணியின் வாழ்நாள் ரசிகர்களாக விண்ணப்பித்தார்கள். மச்சான் புதுச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார்.

"சின்ன வயசுலேருந்தே எனக்கு இந்த டீம் மேல ஒரு இது உண்டு மாப்ள."

"எது மச்சான்?"

"அதான், ஒரு இது." பதினான்காம் எண் இருக்கையைச் சீசன் முழுவதற்கும் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். வெற்றியை நேரில் கண்ட சாட்சி என்ற முறையில்.

மெக்கானிக் வாரியத்துக்கு மறுபடி போனார். கவுண்டர் அம்மாள் வருத்தத்தோடு உறுதிமொழிப் படிவத்தைக் காட்டினார். ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார். காத்திருப்போர் பட்டியலில் ஆறாயிரத்து இருநூற்று நான்காவது இடம் கிடைத்தது. திரும்பும்போது அந்தக் கட்டடத்து லிப்ட் இன்னும் முனகியது. அவர் படியிறங்கிப் போனார்.

கோப்பையின் அடுத்த சுற்றில் தொட்டி அணி பூஜ்யத்துக்கு ஏழு என்று தோற்றது. அடுத்த சனிக்கிழமை லீக் ஆட்டத்தில் பூஜ்யத்துக்கு மூன்று. அதற்கு நானூறு பேர் வந்து, இடைவேளையில் போய்விட்டார்கள். வாரியம் தன் காவலர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. லிப்டையும் கழற்றி எடுத்துப் போனார்கள். தலைவர் பத்தாவது அணிக்கு மாறியதாகச் செய்தித்தாளில் இருந்தது. மச்சானுக்கு சனிக்கிழமைகளில் டைல்ஸ் கடையில் வேலை அதிகமாகிவிட்டது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மாலை, தண்ணீர்த்தொட்டி மைதானத்துக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். பதினான்காம் எண் இருக்கையின் முதுகில் 'வைர விசுவாசிக்கு ஒதுக்கப்பட்டது' என்ற ஸ்டிக்கர் இருந்தது. லிப்ட் மெக்கானிக் போல்ட்டைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கர்மேல் சாய்ந்து உட்கார்ந்தார். இடைவேளைக்குச் சற்று முன் தையல்காரர் கண்ணை மூடினார். இடைவேளைக்குப் பின் ஒருமுறை மூடினார்.

பூஜ்யத்துக்கு இரண்டு.